குடற்சுவரில் தங்கும் காற்று: அறிகுறியும் நோயும் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

வயிற்றில் காற்று நின்றுவிட்டது என்று வாழ்வில் ஒரு முறையேனும் சொல்லாதவர் அரியர். வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காடு முதல் கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர் வரை, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எந்த ஊரில் கேட்டாலும் இதற்கு வாயு என்றே பெயர். ஓமம், பெருங்காயம், சுக்கு, பூண்டு ஆகியவை இதற்கு வீட்டு மருந்து. அவற்றால் அடங்காவிட்டால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை. பெரும்பாலான வேளைகளில் இவ்வளவே போதுமானதாகவும் இருக்கிறது.

இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட காற்று அதுவன்று. குடல் ஒரு குழாய். அதன் உட்புழையில் காற்று இருப்பது இயற்கை. ஆனால் அக்குழாயின் சுவருக்குள்ளேயே, சவ்வுக்கும் சவ்வுக்கும் இடையில், காற்று புகுந்து குமிழ்குமிழாகத் தங்குவதும் உண்டு. மருத்துவர்கள் இதனை நியூமடோசிஸ் என்ற கிரேக்க வழிச் சொல்லால் குறிக்கின்றனர். நாம் இதனைக் குடற்சுவர்க் காற்று என்று வழங்குவோம். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஒரே தோற்றமுடைய இக்காற்று ஒருவரிடம் எவ்விதத் துன்பமும் தராமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மற்றொருவரிடம் குடல் அழுகிக்கொண்டிருப்பதை அறிவித்து, சில மணி நேரத்திற்குள் அறுவை செய்யாவிடில் உயிர் போகும் என்று எச்சரிக்கும். முன்னவரை வெட்டினால் வீண் துன்பம். பின்னவரை விட்டுவைத்தால் மரணம். இவ்விரண்டையும் பிரித்தறிய மனித அறிவு நடந்துவந்த பாதையே இக்கட்டுரையின் பொருள்.

காரணம், நோய், அறிகுறி

அரபு மருத்துவ நூல்களைக் கற்பவர் தொடக்கத்திலேயே மூன்று சொற்களைச் சந்திப்பர்: ஸபப், மரள், அரள். முறையே காரணம், நோய், அறிகுறி என்பன அவற்றின் பொருள். இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலின் முதற்பகுதியில் இம்மூன்றையும் தனித்தனியே வரையறுத்துவிட்டே மேலே செல்கிறார். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் மருத்துவர் வழிதவறுவார் என்பதே இவ்வரையறையின் பயன். காய்ச்சலும் வலியும் வீக்கமும் கண்ணுக்கும் கைக்கும் முதலில் அகப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னால் நிற்பதைத் தேடுவதே மருத்துவம்.

வயிற்று நோய்களில் இத்தேடல் மிகக் கடினமானது. குடலிலெழும் கடும் வலியை அரபு மருத்துவர்கள் கூலன்ஜ் என்றனர். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழில் நம் முன்னோர் சூலை என்று வழங்கியது ஏறத்தாழ இதனையே. அபூபக்ர் அர்ராஸீ (865–925) இந்நோய் ஒன்றைப் பற்றியே தனிநூல் எழுதினார். கூலன்ஜ் வலியையும் சிறுநீரகக் கல்லின் வலியையும் எவ்வாறு பிரித்தறிவது என்பது அவருடைய முக்கியமான ஆய்வுப்பொருள்களுள் ஒன்று. இப்னு ஸீனாவும் தனிநூல் எழுதினார். அரசியல் பகையால் ஹமதானுக்கு அருகிலுள்ள ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தபோது அவர் எழுதிய நூல்களுள் கூலன்ஜ் பற்றிய நூலும் ஒன்று.

கூலன்ஜை அவர்கள் ஒரே நோயாகக் கொள்ளவில்லை. கபத்தால் வருவது, மலம் இறுகி வருவது, வீக்கத்தால் வருவது, குடல் முறுக்கிக்கொள்வதால் வருவது, காற்றால் வருவது எனப் பல வகைகளாகப் பிரித்தனர். காற்றால் வருவது ‘கூலன்ஜ் ரீஹீ’ எனப்பட்டது. இழுத்து விரிப்பது போன்ற வலி, குடலில் உறுமல், காற்றுப் பிரிந்தால் தணிவு என்பன அதன் அடையாளங்கள். மேல்வழியும் கீழ்வழியும் அடைபட்டுப் போகும் கொடிய வகையைக் கிரேக்கச் சொல்லால் ஈலாவுஸ் என்று குறித்து, அதற்கு ‘ரப்பிர்ஹம்’, அதாவது ‘இறைவா, இரங்குவாயாக’ என்று பொருள் எழுதினர். மருத்துவனின் கை ஓய்ந்து, இறைவனின் கருணை ஒன்றே எஞ்சும் நிலை என்பதை அப்பெயரே உணர்த்திவிடுகிறது.

வயிறு வீங்கும் நோயிலும் இதே பகுப்பு முறை உண்டு. நீர் நிரம்பிய வயிறு தோற்பையைப் போன்றது. ஆகவே அது ‘இஸ்திஸ்கா ஸிக்கீ’. காற்று நிரம்பியது முரசு போன்றது. ஆகவே அது ‘இஸ்திஸ்கா தப்லீ’. தப்ல் என்றால் முரசு. வயிற்றைத் தட்டிப் பார்த்து, எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருப்பது நீரா காற்றா என்று கண்டனர். இன்றும் எந்த மருத்துவரும் வயிற்றின்மேல் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

பேரறிஞரின் இறுதி நாட்கள்

கூலன்ஜைப் பற்றி நூல் எழுதிய இப்னு ஸீனாவுக்கே இறுதியில் கூலன்ஜ் வந்தது. அவருடைய மாணவர் அல்ஜூஸ்ஜானீ அந்நாட்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அலாவுத்தவ்லாவின் படையுடன் பயணம் செய்துகொண்டிருந்த காலம் அது. படை பின்வாங்க நேர்ந்தால் நோயோடு உடன் செல்ல இயலாமற்போகுமே என்று அஞ்சிய அவர், விரைவில் குணமடையக் கருதி ஒரே நாளில் எட்டு முறை ஆசனவழி மருந்தேற்றிக்கொண்டார். குடலில் புண் ஏற்பட்டது. பின்னர் வலிப்பும் கண்டது.

அதன் பிறகு நிகழ்ந்தது நம் பொருளுக்கு நேரே தொடர்புடையது. குடலிலுள்ள காற்றை உடைப்பதற்காக, ஏற்றும் மருந்தில் இரண்டு தானக் எடை செலரி விதை சேர்க்குமாறு அவர் பணித்தார். மருந்து கூட்டிய மருத்துவர் ஐந்து திர்ஹம் எடை சேர்த்துவிட்டார். ஒரு திர்ஹம் என்பது ஆறு தானக். எனவே சேர்ந்தது பதினைந்து மடங்கு. வேண்டுமென்று செய்தாரா, தவறிச் செய்தாரா என்று தமக்குத் தெரியாது என ஜூஸ்ஜானீ எழுதுகிறார். மருந்தின் கூர்மையால் புண் பெருகியது. வலிப்புக்கென உண்ட மருந்திலும் பணியாளர் அபினை மிகுதியாகக் கலந்தனர். இஸ்ஃபஹானில் ஓரளவு தேறியவர் மீண்டும் நோய்வாய்ப்பட்டு, உடலை ஆளும் சக்தி ஓய்ந்துவிட்டது, இனி மருந்தால் பயனில்லை என்று சொல்லி மருத்துவத்தை நிறுத்தினார். ஹிஜ்ரி 428இல், கி.பி. 1037இல், ஹமதானில் அவர் உயிர் பிரிந்தது.

இப்னு ஸீனாவுக்கு வந்தது குடற்சுவர்க் காற்று என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நாம் சுட்ட விரும்புவது வேறு. காரணம், நோய், அறிகுறி என்று உலகிற்குப் பிரித்துக் கற்பித்த அறிஞரையும் வலியும் அவசரமும் சேர்ந்து, காற்றை எப்படியேனும் உடைத்துவிட வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளின. அறிகுறியை அடக்க ஏற்றிய மருந்தே நோயை வளர்த்தது. குடற்காற்றின் மருத்துவ வரலாறு முழுவதிலும் இந்த இடர் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தின் காலம்

இப்னு ஸீனா மறைந்த 1037ஆம் ஆண்டில் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் அரசாண்டுகொண்டிருந்தான். அவன் மகன் வீரராசேந்திரனும் அந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவனே. அவன் காலத்தில், 1069ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட திருமுக்கூடல் கல்வெட்டு தமிழக மருத்துவ வரலாற்றின் மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று. காஞ்சிபுரம் பகுதியில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள பெருமாள் கோயிலில் அது இருக்கிறது. அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவந்து பணிசெய்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் ஆகியோருக்கு ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது.

ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அக்கல்வெட்டில் உண்டு. கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பல அதில் இடம்பெறுகின்றன. பூண்டையும் ஆமணக்கெண்ணெயையும் கொண்டு செய்த தைலம் ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டிமார் வாயுவுக்குப் பூண்டையும் வயிற்றைச் சுத்தம் செய்ய ஆமணக்கெண்ணெயையும் கொடுத்த வழக்கம் எத்தனை பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அறுவைக்கெனத் தனி ஆள் வைத்திருந்ததும் கருதத்தக்கது. குடல் அடைப்புக்கு வயிற்றைக் கீறி, அடைப்பை நீக்கி, கிழிந்த குடலின் விளிம்புகளைக் கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டுப் பொருத்தும் முறையைச் சுசுருதர் நூல் கூறுகிறது. குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவீயும் (936–1013) தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் எறும்புத் தலைகளால் குடற்காயத்தைப் பொருத்துவதைக் குறிப்பிடுகிறார். விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய நூலால் தைப்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

இவ்விரு மரபுகளும் பின்னர்த் தமிழ் மண்ணில் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. ஹக்கீம் பா. முகம்மது அப்துல்லா சாயபுவின் ‘அனுபோக வைத்திய நவநீதம்’ யூனானியையும் நாட்டு மருத்துவத்தையும் தமிழ் நடையில் பல பாகங்களாக வழங்கியது. 1979இல் சென்னையில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. நூற்றாண்டுகளாக இம்மருத்துவர்கள் வயிற்றைத் தொட்டும் தட்டியும், நாடி பார்த்தும், நோயாளி சொல்வதைக் கேட்டும் அறிந்தவை ஏராளம். ஆயினும் ஓர் எல்லை இருந்தது. காற்று குடலின் உட்புழையில் நிற்கிறதா, சுவருக்குள் புகுந்திருக்கிறதா என்பதை உயிருள்ள உடலில் காண எந்த மரபிலும் வழி இல்லை.

பிணத்திலிருந்து உயிருக்கு

குடற்சுவருக்குள் காற்றுக் குமிழிகள் இருப்பதை 1730இல் து வெர்னாய் என்ற உடற்கூற்றறிஞர் இறந்தவர் உடலை ஆராய்கையில் கண்டு பதிவு செய்தார். 1825இல் மாயர் என்பவர் இதற்கு இன்று வழங்கும் பெயருக்கு அடிப்படையான பெயரை இட்டார். அவ்வாண்டுகளில் அரியலூருக்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் தஞ்சையில், இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் என்ற நிலையத்தில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கு முறையினரையும் கூட்டி மருந்துகளை ஆராயச் செய்துவந்தார். அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்கும் மனம் நம் மண்ணில் அன்றே இருந்தது.

1899இல் ஹான் என்ற ஜெர்மானிய மருத்துவர், இந்நோய் கண்ட ஒருவருக்கு வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்த செய்தியை வெளியிட்டார். பிணத்தில் மட்டும் கண்ட ஒன்று உயிருள்ளவரிடம் காணப்பட்டு, சிகிச்சைக்குரிய பொருளாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர்தான், 1895இல், ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்திருந்தார். எக்ஸ்ரே படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். ஆகவே வயிற்றைக் கீறாமலே குடற்சுவர்க் காற்றைக் காணும் காலம் பிறந்தது.

காணும் கண் கிடைத்ததும் புதிய குழப்பமும் கிடைத்தது. வயிற்றறைக்குள், உதரவிதானத்துக்குக் கீழே, கறுப்பு நிறப் பிறை போலக் காற்றுத் தெரிந்தால் குடலோ இரைப்பையோ ஓட்டை விழுந்துவிட்டது என்று கொண்டு உடனே அறுவை செய்வது மருத்துவ நெறி. பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் குடற்சுவரிலுள்ள குமிழி ஒன்று வெளிப்புறமாக வெடித்தாலும் அதே பிறை தோன்றும். குடலில் ஓட்டை இராது, மலம் கசியாது, நோயாளிக்குக் காய்ச்சலோ வயிறு கல்லாவதோ இராது. படத்தை மட்டும் நம்பி வயிற்றைத் திறந்தவர்கள், உள்ளே தைப்பதற்கு ஓட்டை எதுவுமின்றி மூடியதுண்டு. பெருங்குடலை உள்நோக்கியால் பார்க்கும்போது இக்குமிழிகள் சதை வளர்ச்சி போலத் தோன்றுவதும், புற்றுநோயோ என்ற ஐயத்தில் குடற்பகுதியை வெட்டி எடுத்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

1952இல் காஸ் என்ற நோயியல் அறிஞர் 213 நேர்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். அவற்றுள் ஏறத்தாழ 85 விழுக்காட்டில் வேறொரு நோய் பின்னணியில் இருந்தது. 15 விழுக்காட்டில் மட்டுமே அது தனித்து நின்றது. அதாவது குடற்சுவர்க் காற்று பெரும்பாலும் அரள், மரள் அன்று. அறிகுறியைப் பார்த்தவுடன் அதன் காரணத்தைக் கேட்க வேண்டும் என்ற பழைய பாடம் எண்களால் உறுதிப்பட்டது.

காற்று புகும் வழிகள்

சுவருக்குள் காற்று எவ்வாறு புகுகிறது என்பதற்கு மூன்று விளக்கங்கள் நிலவுகின்றன. ஒன்று, அழுத்தம். குடல் அடைப்பாலோ கடும் வாந்தியாலோ உள்நோக்கிப் பரிசோதனையின்போதோ உட்புழையில் அழுத்தம் கூடும்போது, உட்சவ்வின் சிறு கீறல் வழியே காற்று சுவருக்குள் தள்ளப்படுகிறது. இரண்டு, நுரையீரல். நாட்பட்ட மூச்சு நோயாளரின் நுரையீரலில் நுண்ணறைகள் வெடித்து, அக்காற்று இரத்தக் குழாய்களின் உறையை ஒட்டியே வயிற்றின் பின்புறம் இறங்கிக் குடலை அடையக்கூடும் என்பது இக்கருத்து. மூன்று, நுண்கிருமிகள். அவை மாவுப்பொருளைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன. குமிழிகளுள் ஹைட்ரஜன் மிகுந்து காணப்படுவது இதற்குத் துணை நிற்கிறது. எந்த ஒரு விளக்கமும் எல்லா நோயாளருக்கும் பொருந்துவதில்லை.

நம் மக்கள் சிறப்பாக அறிய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நீரிழிவு நோயாளர் பலர் உண்ணும் வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் மாவுப்பொருள் செரிப்பதைத் தாமதப்படுத்திச் சர்க்கரை ஏறாமல் காக்கின்றன. செரியாமல் பெருங்குடலுக்குச் செல்லும் மாவு அங்கே புளித்துக் காற்றாகிறது. வயிற்று உப்புசம் இம்மருந்துகளின் அறியப்பட்ட பக்க விளைவு. அரிதாக, குடற்சுவர்க் காற்றும் இவற்றால் வந்திருக்கிறது. வோக்லிபோஸ் வேறு மருந்துகளுடன் சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் விற்கப்படுவதால், அதை உண்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். இதை அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவது தவறு. வயிற்றுத் தொல்லைக்கு மருத்துவரிடம் செல்லும்போது உண்ணும் மாத்திரை அட்டைகளை எல்லாம் உடன் எடுத்துச் செல்வதே செய்ய வேண்டியது. ஸ்டீராய்டு வகை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும்.

பிரித்தறியும் கலை

1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியால் முதல் நோயாளி படம்பிடிக்கப்பட்டது முதல் சி.டி. ஸ்கேன் மருத்துவத்தின் புதிய கண்ணாயிற்று. சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும் சிறு குமிழியும் அதில் தெரியும். குமிழி குடலின் எப்பகுதியில், சுவரின் எப்பக்கத்தில் இருக்கிறது என்றும் அறியலாம். நரம்பு வழியே மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனில், குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் திறந்திருக்கின்றனவா, குடற்சுவர் இரத்தம் பெறுகிறதா என்பதும் புலப்படும்.

மருத்துவர்கள் நோக்கும் அடையாளங்கள் சில. உருண்டைக் குமிழிகளாகக் கொத்துக்கொத்தாக இருந்தால் பெரும்பாலும் தீங்கற்றது. சுவரை ஒட்டிக் கோடு போல நீண்டிருந்தால் குடல் இரத்தமின்றிச் சாகிறதோ என்று ஐயுற வேண்டும். குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையிலும் காற்றுத் தெரிந்தால் ஐயம் வலுக்கும். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லீரல் சிரையில் காற்றுக் கண்ட 64 பேருள் 75 விழுக்காட்டினர் இறந்தனர் என்று பதிவாயிற்று. ஸ்கேன் பரவலான பின்னர், அத்தகைய காற்று தீங்கற்ற நிலையிலும் தோன்றுவது உண்டு என்று தெரியவந்தது. எனவே எந்த ஒரு படமும் தனித்துத் தீர்ப்புச் சொல்லாது.

தீர்ப்பின் மறுபாதி நோயாளியின் படுக்கையருகே இருக்கிறது. வயிறு மரப்பலகை போல் இறுகியிருக்கிறதா? தொட்டால் தெரிவதைவிட வலி மிகுதியாக இருக்கிறதா? காய்ச்சல், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் எவ்வாறு உள்ளன? இரத்தத்தில் லாக்டேட் என்ற அமிலப்பொருள் கூடியிருக்கிறதா? இவை மோசமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. இவை யாவும் சீராக இருந்து, நோயாளி உண்டு உறங்கி நலமாக இருந்தால் கத்தியை எடுக்கக் கூடாது. இருவரின் படமும் ஒன்றாகவே இருக்கலாம்.

இவ்விடத்தில் அரபு மொழியின் ஒரு சொல் நமக்குப் பெரிதும் விளக்கம் தருகிறது. இல்லத் என்ற சொல்லுக்கு நோய் என்றும் பொருள். காரணம் என்றும் பொருள். ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு சட்டத்தின் காரணத்தை இல்லத் என்பர். ஹதீஸ் அறிஞர்கள், அறிவிப்பாளர் வரிசை வெளித்தோற்றத்தில் குறையின்றி இருந்தும் உள்ளே மறைந்திருக்கும் பழுதை இல்லத் என்பர். வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறாத கண்ணே அக்கலையில் வல்லவருக்குரிய தகுதி. குடற்சுவர்க் காற்றிலும் அக்கண்ணே வேண்டும். சில வேளை தோற்றம் அச்சமூட்டும், உள்ளே பழுதிராது. சில வேளை வயிற்றுப் பொருமல் போலத் தோன்றும், உள்ளே மரணம் காத்திருக்கும்.

சிகிச்சை

தீங்கற்ற குடற்சுவர்க் காற்றுக்குச் சிறந்த சிகிச்சை பல வேளைகளில் கண்காணிப்பு மட்டுமே. அறிகுறி இல்லாதவருக்கு மருந்து வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கு, சளி கலந்த மலம், இரத்தக் கசிவு, வலி ஆகியவை இருந்தால் சிகிச்சை உண்டு. 1973இல் இங்கிலாந்தில் ஃபோர்காக்ஸும் அவருடைய துணைவர்களும் ஓர் எளிய வழியை வெளியிட்டனர்: நோயாளி சில நாட்கள் மிகுந்த அளவு ஆக்சிஜனை மூச்சில் இழுப்பது. அதன் தத்துவம் நுட்பமானது. ஆக்சிஜன் மிகுதியாக ஏறும்போது இரத்தத்தில் நைட்ரஜன் முதலிய மற்ற வாயுக்களின் அழுத்தம் குறைகிறது. ஆகவே குமிழியிலுள்ள வாயுக்கள் இரத்தத்திற்குள் இறங்கி மூச்சு வழியே வெளியேறுகின்றன. குமிழிக்குள் புகும் ஆக்சிஜனைத் திசுக்கள் பயன்படுத்திக்கொள்கின்றன. இவ்வாறு குமிழி சுருங்குகிறது. காற்றை உடைக்க முயலாமல், அது தானே வெளியேற வழி திறந்துவிடுவது இம்முறை. அழுத்தம் மிகுந்த அறையில் ஆக்சிஜன் தருவதும் பின்னர் நடைமுறைக்கு வந்தது. அளவு மீறினால் ஆக்சிஜனும் நுரையீரலுக்குத் தீங்காகும் என்பதால் இது மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது.

1980இல் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தால் குமிழிகள் மறைந்த செய்தி வெளியாயிற்று. வாயுவை உண்டாக்கும் கிருமிகளைக் குறைப்பது அதன் பயன். காரணமான மருந்தை மருத்துவர் நிறுத்துவதும், உணவைச் சில காலம் எளிமையாக்குவதும் துணை சிகிச்சைகள். குமிழிகள் மீண்டும் தோன்றுவதும் உண்டு. அப்போது சிகிச்சையை மீண்டும் தர வேண்டியிருக்கும்.

குடல் இரத்தமின்றிச் சாகும் நிலையிலோ, ஓட்டை விழுந்த நிலையிலோ இவற்றுக்கு இடமில்லை. நரம்பு வழியே நீரும் கிருமிக்கொல்லியும் ஏற்றி, விரைந்து அறுவை செய்து, செத்த குடலை அகற்றுவதே உயிர் காக்கும் வழி. இரு தீங்குகள் எதிர்ப்படும்போது இலேசானதை ஏற்பது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. அறுவையும் ஒரு தீங்கே. எது இலேசானது என்பதைக் காரணம் அறிந்தவரே சொல்ல முடியும்.

பச்சிளங்குழந்தைகள்

குறைமாதக் குழந்தைகளிடம் இக்காற்றின் பொருள் வேறு. அவர்களுக்கு வரும் குடல் அழுகல் நோயின் முதன்மை அடையாளமே குடற்சுவர்க் காற்றுத்தான். 1978இல் பெல் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இந்நோயைப் படிநிலைகளாக வகுத்தனர். பாலூட்டுவதை நிறுத்தி, இரைப்பையிலுள்ளதைக் குழாய் வழியே வெளியேற்றி, கிருமிக்கொல்லி தருவது முதற்சிகிச்சை. ஓட்டை விழுந்தால் அறுவை. தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் இந்நோய் குறைவு என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தாய்ப்பாலுக்கு இரண்டு ஆண்டுக் காலம் வகுத்திருப்பதை அறிந்த சமுதாயம், பிறந்த குழந்தைக்கு முதலில் சர்க்கரை நீரும் புட்டிப்பாலும் புகட்டும் வழக்கத்தை விட்டொழிக்க இதுவும் ஒரு காரணமாகட்டும்.

நம் மாவட்டங்களில் இன்று

திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து 2001இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. 2002இல் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர் 2007இல் நிலையாகப் பிரிந்தது. முன்பு கடும் வயிற்று நோய் என்றால் திருச்சிக்கோ தஞ்சைக்கோ செல்வதே வழக்கம். 2011இல் பெரம்பலூரில் தனியார் மருத்துவக் கல்லூரியும், 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தன. 15 படுக்கை ஆதுலர் சாலைக்கு ஊதியம் வகுத்த சோழரின் தலைநகர் இருந்த மாவட்டம், ஆயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பின் தனக்கென ஒரு பெரிய மருத்துவக் கல்வி நிலையத்தைப் பெற்றிருக்கிறது.

வசதி அருகில் வந்தும் அதை நாடும் மனம் அருகில் வரவில்லையானால் பயனில்லை. முதியவர் ஒருவர் வலியில் துடிக்கும்போது வாயு என்று சொல்லி இரவு முழுவதும் சோடாவும் மாத்திரையும் கொடுப்பது இன்னும் நம்மிடையே உண்டு. இதய நோயாளிக்கும் நாடித்துடிப்பு ஒழுங்கற்றவருக்கும் திடீரென எழும் தாங்கொணா வயிற்றுவலி, குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டதன் குறியாக இருக்கலாம். வயிறு இறுகுதல், வாந்தி நிற்காமை, மலமும் காற்றும் முற்றிலும் அடைபடுதல், மலத்தில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மறுபுறம், ஸ்கேன் அறிக்கையில் குடற்சுவரில் காற்று என்ற சொற்களைக் கண்டவுடன் கலங்கி, அறுவை செய்தே ஆக வேண்டும் என்று மருத்துவரை நெருக்குவதும் தவறு. அக்காற்றின் காரணம் என்ன என்று கேட்பதே அறிவுடையோர் செய்வது.

மருத்துவம் கற்றவர் என்று அறியப்படாதவர் மருத்துவம் செய்தால் அதனால் விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பு என்பது அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் இடம்பெறும் நபிமொழியின் கருத்து. இதனை நாம் போலி மருத்துவருக்கு மட்டும் உரியதாகக் கருதிவிடுகிறோம். நோயாளியின் தலைமாட்டில் நின்று, இது வெறும் வாயு என்று உறுதி கூறும் உறவினர் ஒவ்வொருவரும் அப்பொறுப்பின் ஒரு பங்கைத் தம் தோளில் ஏற்றுக்கொள்கின்றனர். இப்னு ஸீனாவின் கடைசி நாட்களில் மருந்துக்குப் பஞ்சமில்லை, மருத்துவருக்கும் பஞ்சமில்லை. பொறுமைக்கும் அளவுக்குமே பஞ்சம் இருந்தது. விரைய வேண்டிய இடத்தில் விரையவும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் அறிவதே அவர் மரணத்திலிருந்து நாம் பெறும் பாடம். குணமளிப்பவன் அல்லாஹ் ஒருவனே; அவனே யாவற்றையும் நன்கறிந்தவன்.